ஒரு புட்டிச் சேற்றில் சூழலியல் படிப்பது எப்படி?

சூழலியல் பாடம் என்றாலே புல், மான், புலி என்று ஒரு படம் போடுவார்கள். படத்தின் ஓரத்தில் 'சிதைப்பவை', அதாவது செத்ததை மக்கச் செய்யும் உயிர்கள், என்று சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். எனக்கு அந்தப் பெட்டிதான் முக்கியம். புலி இல்லாத காடுகள் எத்தனையோ உண்டு, சிதைப்பவை இல்லாத காடு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கீவ் நகரில் பிறந்த நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களில் கண்டுபிடித்த முறை இது. நுண்ணோக்கி வேண்டாம். சேறும் வெளிச்சமும் பொறுமையும் போதும்.

ஒரு லிட்டருக்குக் குறையாத, உயரமான, நிறமில்லாத பிளாஸ்டிக் புட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தின் ஓரத்திலோ ஓடை மெதுவாக ஓடும் இடத்திலோ சேறு அள்ளுங்கள். கறுப்பாக, லேசாக நாற்றம் அடிக்கிற சேறாக இருந்தால் மிக நல்லது. அதே இடத்துத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரையாவது அள்ளச் சொல்லுங்கள்.

கல், குச்சி, வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, ஊற்றினால் மெல்ல வழிகிற பதத்துக்குச் சேற்றைக் கரையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, ஒரு கைப்பிடி கிழித்த செய்தித்தாள், அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஒன்று, பொடித்த முட்டை ஓடு ஆகியவற்றைப் போட்டுப் பிசையுங்கள். காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸ் கரிமத்துக்காக. மஞ்சள் கரு கந்தகத்துக்காக. ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். அது கரிமமும் கொடுக்கும், புளிப்பு ஏறாமலும் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கலவையை இரண்டு புட்டிகளிலும் அடியில் ஊற்றுங்கள். அதன்மேல் வெறும் சேறு, முக்கால் உயரம் வரை. புட்டியை மேசையில் தட்டித் தட்டி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். மேலே சில சென்டிமீட்டர் குளத்துத் தண்ணீர் நிற்கட்டும், அதற்கும் மேலே கொஞ்சம் இடம் இருக்கட்டும். மூடியை இறுக்கவே கூடாது, உள்ளே வாயு உண்டாகும். ஒரு புட்டியைக் கறுப்புக் காகிதத்தால் முழுக்கச் சுற்றிவிடுங்கள். இரண்டையும் காற்றோட்டமான ஜன்னல் பக்கம், சுள்ளென்ற வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே ஆக்சிஜன் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் அடிச்சேறு கறுக்கத் தொடங்கும். என்ன நடக்கிறது என்றால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் ஒரு வகை பாக்டீரியா காகிதத்தை உடைத்து அமிலங்களாக மாற்றுகிறது. அந்தக் கழிவுதான் அடுத்த வகைக்குச் சாப்பாடு. இந்த இரண்டாவது வகை, ஆக்சிஜனுக்குப் பதில், கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். அழுகிய முட்டை வாடை அதுதான். சேற்றில் உள்ள இரும்போடு அது சேரும்போது கறுப்பாகும். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு, புட்டியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகராதீர்கள்.

சில வாரங்கள் கழித்து வெளிச்சத்தில் இருக்கும் புட்டியின் சுவரைப் பாருங்கள். கறுப்புக்கு மேலே பச்சைத் திட்டுகள், அதற்கு மேலே ஊதா. இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்பவை. ஆனால் தாவரங்களைப் போலத் தண்ணீரைப் பிளக்காமல், கீழேயிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துகின்றன. அதனால் ஆக்சிஜன் விடுவதில்லை. பச்சை கந்தக பாக்டீரியா இந்த வாயுவை அதிகமாகத் தாங்கும், அதனால் கீழே இருக்கிறது. ஊதா அவ்வளவு தாங்காது, ஒரு படி மேலே இருக்கிறது. உச்சியில், தண்ணீர் ஓரத்தில் நீலப்பச்சைப் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும். எவரும் இடம் ஒதுக்கித் தரவில்லை. வெளிச்சம், ஆக்சிஜன், சல்பைடு மூன்றும் எந்த அளவில் எங்கே கிடைக்கிறதோ, அதைப் பொறுத்து அவரவர் இடம் அமைகிறது. மலையில் உயரத்துக்கு ஏற்ப மரங்கள் மாறுவதும் கடற்கரைப் பாறையில் சிப்பிகள் வரிசை கட்டுவதும் இதே கணக்குதான்.

சேறும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் சில புட்டிகளில் வெள்ளை நூல்களாலான மெல்லிய படலம் ஒன்று வரும். பெஜியடோவா என்ற பாக்டீரியா. வினோகிராட்ஸ்கி இதைப் பார்த்துத்தான், வெளிச்சமே இல்லாமல் கந்தகத்தை ஆக்சிஜனேற்றி ஆற்றல் பெற முடியும் என்று சொன்னார். 1977இல் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் சூரியனே எட்டாத உயிர்க்கூட்டங்கள் கிடைத்தபோது, அவற்றின் அடிப்படையும் இந்த வேதி வழிதான் என்று தெரிந்தது.

கீழே சல்பேட் சல்பைடாகிறது. மேலே சல்பைடு மறுபடி சல்பேட்டாகி, கீழே இறங்குகிறது. முதலில் போட்ட மஞ்சள் கருவுக்குப் பிறகு ஒரு துளி கந்தகத்தைக்கூட நீங்கள் புதிதாகப் போடவில்லை, இருந்தும் சுற்று நிற்பதில்லை. வெளிச்சம் மட்டும் தினமும் வந்தாக வேண்டும். பொருள் உள்ளேயே சுற்றும், ஆற்றலோ ஒரு பக்கம் நுழைந்து வெப்பமாக வெளியேறிவிடும். 1942இல் வெளியான, அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மனின் ஏரி ஆய்வு உலகுக்குக் காட்டியதும் இந்த ஆற்றல் கணக்கைத்தான்.

இப்போது கறுப்புக் காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கேயும் சேறு கறுத்திருக்கும், ஊதாவும் பச்சையும் இருக்காது. காகிதமும் முட்டையும் அங்கே வெறும் சேமிப்பு, தின்னத் தின்னக் குறையும். இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வருகிற தெளிவு எந்தப் படத்திலும் வராது என்பது என் அனுபவம்.

இது பிடித்துவிட்டால் அடுத்து மஞ்சள் கரு போடாமல் ஒன்று, காகிதம் போடாமல் ஒன்று செய்து பாருங்கள். எது குறைவோ அதுதான் வளர்ச்சிக்கு எல்லை போடும் என்பது புரியும். இதே விதியைத் தலைகீழாகப் பாருங்கள்: உரம் கலந்த மழைநீர் குளத்துக்குள் போனால், அதுவரை பற்றாக்குறையாக இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைக்கும். பாசி பெருகும், செத்து அடியில் படியும், அதைச் சிதைப்பவை தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மிதப்பது அதற்கு அப்புறம்தான்.

தண்ணீர் வற்றினால் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே வாருங்கள், புட்டி மாதக்கணக்கில் ஓடும். போதும் என்று தோன்றினால் திறந்த வெளியில் வைத்துத் திறந்து, சேற்றை எடுத்த இடத்திலேயே கொட்டுங்கள். வேறு குளத்தில் கொட்டாதீர்கள். ஒரு நீர்நிலையின் விதைகளும் முட்டைகளும் நுண்ணுயிர்களும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு நீர்நிலைக்கு அவை அழையா விருந்தாளிகள். பிறகு சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.