எருக்கஞ்செடி முன்னால் அரை மணி நேரம்: பூச்சி பார்க்கத் தொடங்குவது எப்படி?

பூச்சி, சிலந்தி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் காட்டுக்குப் போகணும்?" என்றுதான். காடு வேண்டாம். ஏரிக்கரையிலோ, ரயில் பாதை ஓரத்திலோ, வீடு கட்டாத காலி மனையிலோ ஒரு எருக்கஞ்செடி இருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூப் பறிப்போமே, அதே செடிதான். முதல் நாளுக்கு அது ஒன்றே போதும்.

1. கிளம்பும் முன்

கைபேசி, சின்ன நோட்டு, பென்சில், தண்ணீர். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஷூ போட்டுக்கொள்ளுங்கள். புதருக்குள் கண்ணால் பார்க்காமல் கையையோ காலையோ வைக்காதீர்கள், பாம்பு இருக்கலாம். காலை ஏழரைக்கு மேல், வெயில் கொஞ்சம் ஏறியதும் போங்கள். உடம்பு சூடேறினால்தான் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். இலையைக் கிள்ள வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிப் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

2. பூவிலிருந்து தொடங்குங்கள்

செடிக்கு இரண்டடி தள்ளி, உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி நில்லுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் போதும், பூவுக்கு 'ம்ம்ம்' என்று ஒரு ஆள் வருவார். கருவண்டு என்கிறோமே, அது உண்மையில் வண்டே இல்லை. மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் தேனீ இனம். எருக்கின் மகரந்தம் தூளாக இருக்காது, சின்னச் சின்னப் பொட்டலமாக இருக்கும். அது தேனீயின் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

3. கொழுந்தைப் பாருங்கள்

இளந்தண்டில் மஞ்சளாக, கடுகு போலச் சின்னதாக, அப்பிக்கொண்டிருப்பவை அசுவினிகள். அவை வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் சுற்றிச் சுற்றி வரும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டும் வரும். ஒரு சாண் தண்டுக்குள் இவ்வளவும் நடக்கிறது.

4. இலைக்கு அடியில்

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்பேன். செடியைத் தொடாமல், குனிந்து, கீழிருந்து மேலே பாருங்கள். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இங்கே ஒவ்வொரு முட்டையாகத் தனித்தனியே இடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளும் கொண்ட புழு தெரிந்தால், அது இதன் பிள்ளைதான்.

கிடைத்துவிட்டால் அவசரப்படாதீர்கள். ஒரு நாள் நான் பார்த்தது: புழு இலையைத் தின்னவில்லை. நடு நரம்பை மட்டும் கடித்தது. பால் பொங்கி வழிந்தது. தலையை விலக்கிக்கொண்டது, மறுபடி கடித்தது. பால் நின்ற பிறகு, வெட்டுக்கு அப்பால் இருந்த பகுதியில் போய் உட்கார்ந்து நிதானமாகத் தின்னத் தொடங்கியது. பால் வரும் குழாயை அடைத்துவிட்டுச் சாப்பிடுகிறது! யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதை? அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

நீலப்பச்சை உடம்பில் மஞ்சள் கோடு போட்ட எருக்கு வெட்டுக்கிளியும் இருக்கலாம். பிடிக்காதீர்கள். அதன் குஞ்சுகள் திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும்.

5. சிலந்திக்கு

பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. செடிகளுக்கு நடுவே வட்டமான வலையும், அதில் வெள்ளையாக வளைந்து வளைந்து போகும் தடித்த கோடும் இருந்தால் அது கையெழுத்துச் சிலந்தி. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி போலத் தலைகீழாக உட்கார்ந்திருப்பது பெண். வலை ஓரத்தில் தேடுங்கள், பெண்ணைவிட ரொம்பச் சின்னதாக ஆண் இருக்கலாம்.

6. படமும் குறிப்பும்

ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அது இருந்த செடி முழுவதும் தெரிய ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஆனால் எந்தச் செடி என்று தெரிந்தால் பாதிப் பூச்சிகளின் பெயரைப் பிடித்துவிடலாம். நோட்டில் தேதி, நேரம், இடம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் இடம் காலியாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படங்களை ஏற்றுங்கள். 2008-இல் தொடங்கிய தளம் அது. செயலி ஒரு பெயரை ஊகித்துச் சொல்லும், அப்புறம் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள்.

7. மறுபடியும் அதே செடி

அடுத்த வாரம் வேறு இடம் தேடாதீர்கள், இதே செடிக்குப் போங்கள். புழுவைக் காணோம் என்றால் பக்கத்துச் செடிகளின் இலைக்கு அடியிலும் பாருங்கள். வெளிர்பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு கூட்டுப்புழு தொங்கும், அதில் தங்க நிறப் புள்ளிகள் இருக்கும். அது கறுத்து, உள்ளே ஆரஞ்சு இறகு தெரிய ஆரம்பித்துவிட்டதா? மறுநாள் விடிந்ததும் வந்து நில்லுங்கள்.