கதையில் திரும்ப வருவதைப் பிடிப்பது எப்படி? குறியீடு வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

கிணறு வந்தால் ஆழ்மனம், மழை வந்தால் மகிழ்ச்சி, கருப்பு வந்தால் தீமை. இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதை படிக்க உட்காருவதுதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம். இந்தப் பட்டியல்களில் பல, வேறு ஊர்களின் வழக்கத்திலிருந்து வந்தவை. கருப்பராயனைக் காவல் தெய்வமாகக் கும்பிடுகிற கொங்கு நாட்டில் கருப்பு எப்படித் தீமையாகும்? வெள்ளை என்றால் தூய்மை என்று பட்டியல் சொல்லும். நம் பக்கத்துக் கிராமத்துக் கதையில் வயதான ஒரு பெண் வெள்ளைச் சேலையில் வந்தால், அவர் கணவனை இழந்தவர் என்பதுதான் அங்கே முதல் செய்தி.

குறியீடு என்பது கதையில் தன்னைத் தாண்டி வேறு எதையோ சுமக்கும் பொருள். ஒரு பொருளுக்கு என்ன அர்த்தம் என்பதை அந்தக் கதையே சொல்லும். அந்தப் பொருள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் சொல்லும். அதனால் கீழே உள்ள வேலை முழுவதும் ஒன்றைத்தான் சுற்றி வருகிறது: திரும்ப வருவதைப் பிடிப்பது, ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்ப்பது.

தேவையானவை

8 முதல் 10 பக்கத்துக்குள் முடியும் ஒரு சிறுகதை, பென்சில், கோடு போட்ட நோட்டு. நாவலில் தொடங்க வேண்டாம். நூறு பக்கம் தாண்டுவதற்குள் முதலில் குறித்ததெல்லாம் மறந்துபோகும். நூலகப் புத்தகம் என்றால் பக்கத்தில் கோடு போடாதீர்கள், காகிதச் சீட்டு வையுங்கள்.

படி 1: முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம்

கதை எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் எது முக்கியம் என்று சொல்ல முடியாது. கையில் பென்சில் இருந்தால் முதல் பக்கத்திலேயே பத்து இடத்தில் கோடு விழும், பத்தும் வீண். படித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணில் நிற்கும் மூன்றை மட்டும் எழுதுங்கள். பாத்திரங்களின் பெயர் வேண்டாம். பொருள், ஒலி, செயல் இவைதான் வேண்டும். ஞாபகத்தில் தானாக நின்றது பெரும்பாலும் ஆசிரியர் ஒருமுறைக்கு மேல் காட்டியதாகத்தான் இருக்கும்.

படி 2: இரண்டாம் வாசிப்பில் குறிப்பது

ஓரத்தில் ஓர் எழுத்து போட்டால் போதும். பொருளுக்குப் ‘பொ’, திரும்ப நடக்கும் செயலுக்குச் ‘செ’, வெயில், மழை, மரம், பறவை போன்ற இயற்கைக்கு ‘இ’, ஒலிக்கு ‘ஒ’, ஒரே சொல்லோ வாக்கியமோ மீண்டும் வந்தால் ‘சொ’.

புதியவர்கள் ‘பொ’வை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். செயல்தான் அதிகம் தப்பிப்போகும். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் இருப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெளியே போவது போன்றவை மூன்றுமுறை வந்தாலும் கண்ணில் படாது. ஏனென்றால் அவை ‘சாதாரணம்’.

எத்தனைமுறை வந்தால் கணக்கில் எடுக்கலாம்? மூன்று. தொடக்கத்திலும் முடிவிலும் வந்திருந்தால் இரண்டே போதும். பத்துப் பக்கக் கதையில் இப்படி இரண்டு மூன்று இழைகள் தேறும். ஐந்துக்கு மேல் போனால் கதையில் வருகிற எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். குறைவாக வந்தவற்றை அடித்துவிடுங்கள்.

படி 3: நான்கு பத்தி அட்டவணை

நோட்டில் மேலிருந்து கீழாக நான்கு பத்தி போடுங்கள்: பக்கம், அந்த வரி அப்படியே, அந்த நேரத்தில் யாருக்கு என்ன நடக்கிறது, முந்தைய வருகையிலிருந்து என்ன மாறியது. கடைசிப் பத்திதான் உயிர். அதைக் காலியாக விட்டால் மற்ற மூன்றும் வெறும் பட்டியல். பழகுவதற்காக எழுதிய ஒரு சிறு பகுதி இது (கொறங்காடு என்பது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், படல் அதன் வாயிலை அடைக்கும் தட்டி, அப்பாரு இங்கே பெரியவனின் தந்தை):

*பெரியவன் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று விடியலில் கொறங்காட்டுப் படலைத் திறந்து போட்டபடியே போனான். “படலச் சாத்தீட்டுப் போடா, மாடு வெளிய போயிரும்” என்று அப்பாரு கத்தினார்.*

*சித்திரையில் கடைசி இரண்டு மாடும் கண்ணபுரம் சந்தைக்குப் போயின. அன்றைக்குச் சாயங்காலமும் அப்பாரு நடந்து போய்ப் படலைச் சாத்திவிட்டு வந்தார்.*

*ஆடியில் நிலம் அளக்க வந்தவர்கள், டேப் பிடிக்க இடைஞ்சல் என்று படலைக் கழற்றிக் கிளுவை வேலிமேல் சாய்த்து வைத்தார்கள். திருப்பி மாட்டப் போனவர்களிடம் அப்பாரு சொன்னார்: “இருக்கட்டும். பெரியவன் வந்தா உள்ள வரோணுமல்லொ.”*

படல் மூன்று இடத்தில் வருகிறது. முதலில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, மாட்டைக் காக்கிறது. இரண்டாவதில் மாடே இல்லை. வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் சாத்தப்படுகிறது. இந்த இடத்தில் பென்சில் நிற்க வேண்டும். பயன் தீர்ந்த பின்னும் ஒரு பொருளை ஆசிரியர் கதையில் வைத்திருந்தால், அது வேறு எதையோ சுமக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவதில், சாத்தச் சொல்லிக் கத்தியவரே திறந்திருக்கட்டும் என்கிறார். படல் மாறவில்லை, அவர் சொல் தலைகீழானது. நான்காம் பத்தியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “மாட்டைக் காத்தது, வழக்கமானது, மகன் வரும் வழியானது.”

கிளுவை வேலி? ஒரே ஒருமுறை வருகிறது, காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் வேலி என்றாலே கிளுவைதான். அது நிலக்காட்சி. அதை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்று கற்பது, எதைப் பிடிப்பது என்பதைவிடக் கடினம்.

படி 4: மாற்றி வைத்துப் பாருங்கள்

படலுக்குப் பதில் மோட்டார் ரூம் கதவை வையுங்கள். முதல் இரண்டு இடத்தையும் எப்படியாவது ஒப்பேற்றலாம். மூன்றாவது இடம் உடைந்துபோகும். மோட்டார் ரூம் வழியாக யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். வேறொன்றை வைத்ததும் கதை நொண்டினால் உங்கள் பொருள் குறியீடுதான். எதை வைத்தாலும் கதை அப்படியே ஓடினால், அது வெறும் பொருள். சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் இதைச் செய்யுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

படி 5: திரும்ப வராத இடத்தில் என்ன செய்வது?

ஐந்து வரிக் கவிதையில் மூன்றுமுறை எதுவும் வராது. அங்கே எண்ணிக்கைக்குப் பதில், எதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு, தலைவி தோழியிடம் சொல்வது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்பதுதான் அவள் கவலை. அது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. மீதி மூன்றும் ஏறக்குறைய முழுவதும் குருகு என்ற நீர்ப்பறவைக்கே போகிறது: தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால், ஓடும் நீர், ஆரல்மீன். பதற்றத்தில் இருக்கும் பெண் ஒரு பறவையின் காலை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல வேண்டும்?

வினைச்சொல்லைப் பாருங்கள். குருகு ‘பார்க்கும்’, ஆனால் பார்ப்பது ஆரலை. அங்கே இருந்த ஒரே சாட்சி இவர்களைப் பார்க்கவில்லை, தன் இரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய தனிமை ‘யாரும் இல்லை’ என்ற சொல்லைவிட இந்தக் குருகில் அதிகம் இருக்கிறது. இரைக்குக் காத்து நிற்கும் குருகு தலைவனையே குறிக்கிறது என்றும் வாசிக்கலாம். ‘கள்வன்’ என்ற சொல் அதற்கு இடம் தருகிறது. இரண்டுக்கும் பாட்டில் வரி இருப்பதால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். குருகின் நிறம் வெண்மை, ஆகவே தலைவி தூய்மையானவள் என்று எழுதினால் அதற்கு வரி கிடையாது; பாட்டில் நிறம் என்று வருவது காலின் பசுமை மட்டும்தான்.

சங்கப் பாட்டுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு, முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்பது மரபு முன்கூட்டியே வகுத்து வைத்தது. இந்தக் கணக்கை இன்றைய நாவலில் போட்டால் தப்பாகும். கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தாராபுரத்தில் நடக்கும் கதையில் வெயில் கொளுத்தினால் அது பிரிவுத் துயரமாக இருக்க வேண்டியதில்லை, அன்றைய வெயிலாகவே இருக்கலாம்.

படி 6: நெடிய நூலில் ஒரே பொருளைத் தொடர்வது

சிலப்பதிகாரத்தைப் போல இதற்கு ஏற்ற நூல் வேறில்லை. 30 காதைகளையும் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. சிலம்பை மட்டும் நான்கு இடத்தில் தொடருங்கள்.

அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கோவலன் மாதவியிடம் போய்விட்ட பின் கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை. கனாத்திறம் உரைத்த காதையில், செல்வமெல்லாம் போய்த் திரும்பி வந்தவனிடம் “சிலம்புள கொண்ம்” என்கிறாள்; காலில் போட்ட நகை இப்போது பிழைப்புக்கு முதல், அதாவது மூலதனம். கொலைக்களக் காதையில் ஒன்று அவன் கையோடு போகிறது, பொற்கொல்லனின் வஞ்சகத்தால் அதுவே திருட்டுப் பொருளாகிறது. வழக்குரை காதையில், இணை இழந்த ஒற்றைச் சிலம்போடு அவள் அரசன் முன் நிற்கிறாள். அரசியின் சிலம்பில் உள்ளே முத்து, இவளுடையதில் மாணிக்கம். உடைத்ததும் மணி தெறித்து மன்னன் வாயில் படுகிறது.

அணி, முதல், பொய்ச்சாட்சி, மெய்ச்சாட்சி. ஒரே பொருள், நான்கு நிலை. வெளியிலிருந்து பார்த்துக் கொடுத்த தீர்ப்பு, சிலம்புக்குள்ளே இருந்த பரலால், அதாவது மணியால், உடைகிறது. ‘சிலம்பு நீதியின் குறியீடு’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் முதல் இரண்டு இடத்தையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். காலில் இல்லாத சிலம்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒருத்தியின் தனிப்பட்ட இழப்பு ஊர் அறிந்த வழக்காக மாறிய கதை கையைவிட்டுப் போகும். ஒரு பொருள் வர வேண்டிய இடத்தில் வராமல் இருப்பதையும் அட்டவணையில் ஒரு வரியாக எழுதுங்கள்.

படி 7: ஊர் வழக்கத்தைச் சரிபார்ப்பது

மாரியம்மன் பொங்கலுக்குக் கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் போய் ராத்தங்கக் கூடாது என்பது நம் ஊர்கள் பலவற்றில் வழக்கம். கம்பம் நட்ட அன்று இரவு ஒரு பாத்திரம் பஸ் ஏறினால், உள்ளூர் வாசகருக்கு அது கட்டுப்பாட்டை மீறுவது. மற்றவருக்கு வெறும் பயணம். இங்குள்ளவர்களுக்கே எழுதுகிற ஆசிரியர் இதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். புரியாத சடங்கு வந்தால் ஊகிக்காமல் ஊரில் பெரியவர்கள் யாரிடமாவது கேளுங்கள்.

அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) போல உடுக்கை அடித்துப் பாடும் கதைகளுக்கு மூன்றுமுறை விதி பொருந்தாது. அங்கே ஒரே அடைமொழியும் வரியும் பலமுறை வருவது பாடுகிறவர் அடுத்ததை எடுக்கவும், இரவெல்லாம் கேட்கிறவர் கதையை விடாமல் பிடிக்கவும்தான். அப்படியே திரும்புவதைத் தாண்டிப் போங்கள். பழகிய வரியில் ஒரு சொல் மாறினால் அங்கே நில்லுங்கள்.

படி 8: எழுதிப் பாருங்கள்

“இந்தக் கதையில் [பொருள்] முதலில் [நிலை], பிறகு [நிலை], கடைசியில் [நிலை], அதனால் இந்தக் கதை [எதைப்பற்றி] என்று வாசிக்கிறேன்.” மூன்று நிலைக்கும் பக்க எண் போட முடிந்தால் உங்கள் வாசிப்பு நிற்கும். ஒன்றுக்குப் போட முடியாவிட்டால் அட்டவணைக்குத் திரும்புங்கள். “அன்பு”, “வாழ்க்கை”, “சமூகம்” என்று ஒற்றைச் சொல்லில் வாக்கியம் முடிந்தால் இன்னும் ஒருபடி இறங்குங்கள்: யாருக்கும் யாருக்கும் நடுவில், எதைக் குறித்து?

இதே ஆசிரியரின் இன்னொரு சிறுகதையை அடுத்து எடுங்கள். அதே பொருள் அங்கேயும் வந்தால் தனி அட்டவணை போடுங்கள், பழையதோடு கலக்க வேண்டாம். இப்படி நான்கைந்து கதை முடித்த பிறகு நாவலுக்குப் போகலாம். அங்கே அத்தியாயம் முடிந்ததும் இரண்டே வரி: இந்த அத்தியாயத்தில் திரும்ப வந்தது எது, போனமுறையைவிட அது எப்படி இருந்தது.