குதிரையையும் குதிரைக்காரரையும் நேரில் பார்த்து வரைவது எப்படி?

சென்னை மெரினாவில் சவாரிக் குதிரைகள் நிற்குமிடம் இந்தப் பயிற்சிக்கு அருமையானது. அட்டையில் கிளிப் போட்ட ஏ3 தாள், 2பி பென்சில், அதைவிட மென்மையும் கருமையும் கூடிய 6பி பென்சில், அழிப்பான் போதும்.

முதலில் குதிரைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கூட்டமில்லாத காலை நேரமாக இருந்தாலும் ஒரு சவாரிக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அது அவர் பிழைப்பு நேரம். குதிரையின் தோள்பக்கமாகச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். நேர் பின்னாலும் மூக்குக்கு மிக அருகிலும் இருப்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார், மிரளக்கூடும்.

குதிரை அசையும். அதனால் ஒரே தாளில் நான்கைந்து சிறு படங்களைத் தொடங்குங்கள். தலை திரும்பினால் அடுத்த படத்துக்குப் போங்கள். பழைய நிலைக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நிற்கும் குதிரை பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தளர்த்தும், அதே நிலைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

இனி தலை. இங்கேதான் பொறுமை வேண்டும். மனித முகத்தில் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். குதிரைக்கோ உச்சியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், பக்கவாட்டில் இருக்கும். கண்ணுக்குக் கீழே ஓடும் எலும்பு மேட்டையும் தாடையின் பெரிய வட்டத்தையும் முதலில் பிடியுங்கள். பிடரி மயிர் காத்திருக்கட்டும். ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1750களில் லிங்கன்ஷயரில் மாதக்கணக்கில் குதிரைகளை அறுத்து ஆராய்ந்து, 1766இல் அந்த வரைபடங்களை நூலாக வெளியிட்டார். அவர் வரைந்த குதிரைகளுக்குத் தனித்தனி முகம் இருப்பதற்கு அந்த எலும்பறிவே காரணம் என்பேன்.

பிறகு குதிரைக்காரர். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து பாருங்கள்: இருவரும் அருகருகே நிற்கும்போது குதிரையின் தலை அவருடைய தலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். பழக்கமான முகம் என்பதால் மனிதத் தலையைப் பெரிதாக்கிவிடுவோம், அளவை நம்புங்கள். பேச்சுக் கொடுங்கள். விறைப்பாக நின்றவர் குதிரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் முகம் இளகும். அந்த முகத்தை வரையுங்கள்.

கடைசியில் 6பியால் நிழலை இரண்டே அடர்த்தியில் போடுங்கள். வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளையே போதும். குதிரையின் கண்மணி கிடைமட்டமாக நீண்டது, வட்டமாக வரையாதீர்கள். 6பி எளிதில் கலையும். வீடு போகும்வரை மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்துக் கிளிப் போடுங்கள்.