5,000 கவரும் 11 கடைகளும்: முதல் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நான்கு கட்டு பிளாஸ்டிக் கவர்கள் இன்னும் கிடக்கின்றன. பச்சை நிறம், நடுவில் கேழ்வரகுக் கதிரின் படம், அதன் கீழே "நிகர எடை 500 கிராம்" என்று அச்சு. 2019-ல் நானும் அம்மாவும் திண்டுக்கல்லில் சத்துமாவு தயாரித்து விற்கத் தொடங்கியபோது அடித்த கவர்கள் அவை. 5,000 அடித்தால் ஒரு கவருக்கு விலை குறையும் என்றார்கள். அடித்துவிட்டேன். கையில் இருந்த 40,000 ரூபாயில் 18,000 அங்கேயே போய்விட்டது. அன்றைய தேதியில் எங்கள் மாவைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் சொந்தக்காரர்கள்.

இன்று தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் என்னைத் தேடி வந்து பேசுகிறார்கள். பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கடன் எங்கே கிடைக்கும் என்பதுதான். இதுவரை உங்கள் பொருளை யார் வாங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று நான் கேட்டால் முகம் வாடிவிடுகிறது. அவர்களை வாட வைப்பது என் நோக்கம் இல்லை. வாங்குபவரின் பணம் வரும் முன்பே நம் பணம் எந்தெந்த ஓட்டைகள் வழியாக வெளியேறும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஓட்டைகளை அடையாளம் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

பாராட்டை நம்பி அச்சடிப்பது

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். அருமை என்று சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. நம் மேல் அன்புள்ளவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அந்தச் சொல்லைச் சந்தையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது என் முதல் தவறு. அறிமுகமே இல்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிப்போய், தீர்ந்ததும் இன்னொரு முறை கேட்டு வந்தால் அதுதான் கணக்கில் சேரும். அப்படிப் பத்துப் பேர் தேறும் வரை வெறும் கவரும் கையால் ஒட்டும் லேபிளும் போதும். ஒரு கவருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகப் போனாலும் போகட்டும். பொருளை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் மாற்ற வேண்டித்தான் வந்தது. தெருக்கோடி மளிகைக் கடையில் வாங்கும் பெண்கள் 500 கிராம் பாக்கெட்டைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். குழந்தை குடிக்குமா என்று தெரியாமல் 130 ரூபாய் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. 200 கிராம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் 500 என்று அச்சடித்த கவர் ஆயிரக்கணக்கில் இருந்தது. கடலூரில் 1983-ல் 15,000 ரூபாயோடு சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது சிறிய சாஷேதான். பாட்டில் வாங்க முடியாதவர்கள் ஒரு முறைக்கு மட்டும் வாங்கினார்கள். நம் பொருள் எந்த அளவில் விற்கும் என்பதைக் கடை வாசலில் ஒரு வாரம் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் அச்சகத்தில் போய் நின்றேன்.

அச்சடிக்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் பெயரை வேறு யாராவது வணிகச் சின்னமாகப் பதிந்திருக்கிறார்களா என்று அரசின் இணையதளத்திலேயே இலவசமாகத் தேடலாம். பத்து நிமிட வேலை.

கூலியை மறந்த கணக்கு

நான் அதிகம் வருத்தப்படும் தவறு இதுதான். அதனால் கணக்கை அப்படியே எழுதிக் காட்டுகிறேன். விலைகள் அன்றைய விலைகள். உங்கள் பொருளுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஈட்டுக்கு 10 கிலோ தானியம் எடுப்போம். கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, கொஞ்சம் முந்திரி, ஏலக்காய் எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். 10 கிலோ என்றால் 20 பாக்கெட், ஆக ஒரு பாக்கெட்டுக்கு 55 ரூபாய், கவருக்கும் பெட்டிக்கும் 5, மொத்தம் 60 என்று நோட்டில் எழுதினேன். 130 ரூபாய்க்கு விற்றால் 70 ரூபாய் லாபம்! அந்தப் பக்கத்தில் 70 என்பதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். இப்போதும் நோட்டில் இருக்கிறது.

உண்மையில் 10 கிலோ தானியம் 10 கிலோ மாவாக வருவதில்லை. கல், தூசி புடைத்ததில் கொஞ்சம் குறையும். வறுக்கும்போது ஈரம் போகும். அரவை மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு 9 கிலோதான் கிடைத்தது. 18 பாக்கெட். ஆகவே தானியச் செலவு 61 ரூபாய். எரிவாயுவும் அரவைக் கூலியும் சேர்ந்து பாக்கெட்டுக்கு 9. கவர், பெட்டி 5. கடை கடையாகக் கொண்டுபோகும் பெட்ரோல் 8. மொத்தம் 83. கடைக்காரருக்கு நூற்றுக்கு 20 வீதம் 26 ரூபாய் விட வேண்டும் என்பதால் 130-ல் எங்கள் கைக்கு வருவது 104. மிச்சம் 21 ரூபாய். சரி, அதாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினோம்.

ஒரு நாள் மாலை அம்மா வாணலியை இறக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். காலை ஏழு மணியிலிருந்து வறுத்துக்கொண்டிருந்தார். இதே வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வைத்தால் நாளைக்கு 400 ரூபாயாவது கொடுத்திருப்பேன். அவருக்கும் எனக்குமாக 800 ரூபாய். 18 பாக்கெட்டுக்குப் பங்கிட்டால் பாக்கெட்டுக்கு 44. அதையும் சேர்த்தால் அடக்க விலை 127. வருவதோ 104. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 23 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை ஐந்து மாதமாக அம்மாவின் தோள்பட்டை தாங்கியிருக்கிறது.

வீட்டு ஆட்களின் உழைப்பை இலவசம் என்று நினைத்து விலை வைக்காதீர்கள். முதல் சில மாதங்களுக்கு அந்தக் கூலியை எடுக்காமல் இருக்கலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் கணக்கில் எழுதாமல் இருக்கக் கூடாது. எழுதாமல் வைத்த விலையில் விற்பனை பெருகி ஆள் வைக்க வேண்டி வந்தால், அன்றே தொழில் படுத்துவிடும். நாங்கள் பிறகு 200 கிராம் பாக்கெட்டுக்கு மாறி, விலையையும் கிலோக் கணக்கில் உயர்த்தி, பாதிச் சரக்கை நேரடியாக விற்ற பிறகுதான் கூலி எடுக்க முடிந்தது.

பில் டு பில்

மளிகைக் கடைகளில் இந்தச் சொல்லை முதல் நாளே கேட்பீர்கள். இன்று சரக்கைப் போடுங்கள், அடுத்த முறை சரக்கு போட வரும்போது இந்தப் பில்லுக்குப் பணம் தருகிறேன் என்று அர்த்தம். புதியவர்களிடம் பெரும்பாலான கடைகள் இப்படித்தான் வாங்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தவறு என்னுடையது. ஒரே மாதத்தில் 11 கடைகளுக்குப் போட்டேன். கடைக்குப் பத்துப் பாக்கெட். 11,440 ரூபாய் வெளியே நின்றது. அடுத்த ஆறு ஈட்டுக்குத் தானியம் வாங்க 6,600 வேண்டும், கையில் 2,000 இல்லை. ஊர் முழுக்க எங்கள் பாக்கெட் தொங்குகிறது, தானிய மண்டிக்குப் போகக் காசு இல்லை.

திரும்பி வந்த சரக்கு இன்னொரு பாடம். ஒரு கடையில் எங்கள் பாக்கெட்டுகளைப் பினாயில் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். பிரித்து முகர்ந்தால் மாவில் பினாயில் வாடை. மழைக்காலத்தில் இரண்டு கடைகளில் வண்டு விழுந்தது. திரும்ப எடுத்துக்கொள்வதா, யார் தலையில் அந்த நஷ்டம் என்று முன்கூட்டியே பேசவில்லை. எல்லாம் எங்கள் தலையில்.

இப்போது கேட்பவர்களிடம் சொல்வது இதுதான்: முதலில் ரொக்கத்துக்கு வாங்குபவர்களைத் தேடுங்கள். எங்களுக்கு அது இரண்டு பள்ளிகளின் ஆசிரியர் ஓய்வறைகளும் ஒரு தையல் கடையும். கடன் சரக்கு போட மூன்று கடைகள் போதும். ஒவ்வொரு கடைக்கும் இவ்வளவுக்கு மேல் நிலுவை நிற்கக் கூடாது என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள். எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பெரிய கடைகளுக்கோ நிறுவனங்களுக்கோ தயாரித்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் பில் போடும் முன்பே, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. இப்படி நிற்கும் நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் அவை இருக்கின்றன. தெருமுனைக் கடைக்காரரோடு இதைப் பேசினால் உறவுதான் கெடும். ஆனால் பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு இந்தச் சட்டத்தை நன்றாக அறியும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்களில் ஆயிரக்கணக்கில் கட்டி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காகிதங்கள்

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்காதீர்கள். சிறு உற்பத்தியாளருக்கு நாங்கள் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த 14 இலக்க எண், தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், நிகர எடை, அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் பாக்கெட்டின் மேல் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் பலர் நினைப்பது பாதிதான் சரி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வரிக்கு உட்பட்ட பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். விழுப்புரத்துக்காரருக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர், ஜி.எஸ்.டி.க்கு அது எல்லைக்கு அப்பால்.

நண்பனோடு வாய்ப்பேச்சுக் கூட்டு

ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் உழைப்பார், லாபத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தொடங்குகிறார்கள். நண்பனிடம் பத்திரம் எழுதச் சொல்ல நாக்கு கூசுகிறது. எழுதாவிட்டால் 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதிவிடும்: லாபமும் நஷ்டமும் சரிபாதி, தொழிலைப் பார்த்துக்கொண்டதற்குச் சம்பளம் கிடையாது, தொழில் பட்ட கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. ஆறு மாதம் ராப்பகலாக உழைத்தவர் இதைப் பிரியும் நாளில் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை இல்லை. யார் எவ்வளவு போட்டார், யாருக்கு மாதம் எவ்வளவு, ஒருவர் விலக நினைத்தால் எப்படி என்ற மூன்றையும் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

மானியமும் அம்மாவின் நகையும்

மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய அரவை மெஷினுக்குத் திட்ட அறிக்கை போடுகிறார்கள். பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் உங்கள் கையில் பணமாக வராது. உங்கள் பெயரில் வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும்; தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதுவரை மிச்சக் கடனுக்கான தவணையை விற்பனையிலிருந்துதான் கட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு இடைத்தரகர் தேவையில்லை. உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரே போங்கள்.

குறு, சிறு தொழிலுக்கு முன்பு 10 லட்சம் ரூபாய் வரையிலும், 2026 ஏப்ரல் முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலுமான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இது தெரியாமல் எத்தனை வீடுகளில் அம்மாவின் வளையல் முதல் மாதமே அடகுக் கடைக்குப் போகிறது! எங்கள் வீட்டிலும் போனது. கவர் அடித்த அதே மாதம், 40,000-ல் 25,000 அப்படி வந்ததுதான். மீட்க இரண்டரை ஆண்டு ஆயிற்று. மீட்ட அன்று அம்மா வளையலைப் போட்டுப் பார்த்தார். வறுத்து வறுத்து மணிக்கட்டு வீங்கியிருந்தது, வளையல் ஏறவில்லை. எண்ணெய் தடவிப் போட்டுவிட்டேன்.