பின்புற டிஃபரென்ஷியல் ஒயிலை மாற்றும் முறை

டிஃபரென்ஷியல் என்பது பின் அச்சின் நடுவிலிருந்து இரு சக்கரங்களுக்கும் இயக்கத்தைப் பகிரும் பற்சக்கரப் பெட்டி. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் இதற்கான ஒயில் வாங்கும் முன் வாகனக் கைநூலைப் பாருங்கள். பின்சக்கர இயக்கமுள்ள வான்கள் பலவற்றுக்கு கடும் அழுத்தம் தாங்கும் ஜீஎல்-5 (GL-5) தரக் கியர் ஒயிலே குறிப்பிடப்பட்டிருக்கும், ஆனால் தடிப்பு எண் வாகனத்துக்கு வாகனம் வேறுபடும்.

சிறிது தூரம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்கியபின், வாகனத்தைச் சமதரையில் தாங்கிகள்மீது உறுதியாக நிறுத்துங்கள். முதலில் கழற்ற வேண்டியது மேலுள்ள நிரப்பு மூடியே. கீழ் மூடியைத் திறந்து ஒயிலை வடித்தபின் மேல்மூடி இறுகிக் கழல மறுத்தால், வாகனத்தை நகர்த்தவே முடியாமற் போகும்.

வடிந்த ஒயிலை அவசரப்பட்டு அப்புறப்படுத்தாதீர்கள். கீழ்மூடியின் காந்தத்தில் மென்மையான சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது வழமையான தேய்மானமே. விரலில் நெருடும் உலோகச் செதில்களோ பல்லின் துண்டுகளோ இருந்தால், புதிய ஒயில் ஊற்றுவதில் பயனில்லை, டிஃபரென்ஷியலைத் திறந்து பார்க்கவே வேண்டும். ஒயில் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளத்தில் ஓடிய வாகனங்களில் இதை எதிர்பார்க்கலாம், அப்போது டிஃபரென்ஷியலின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் சிறு காற்றுக் குழாய் அடைத்துள்ளதா என்றும் பாருங்கள்.

ஓசையும் துப்புத் தரும். அக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறுகின்ற ஊளைச்சத்தம் பெரும்பாலும் டிஃபரென்ஷியலுக்குள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் கிரவுன் (பெரிய), பினியன் (சிறிய) பற்சக்கரங்களின் பற்களைச் சுட்டும்; வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் பெயாரிங்கினுடையதாக இருக்கலாம்.

புதிய வொஷருடன் கீழ்மூடியை இறுக்கி, நிரப்பு துளையின் கீழ்விளிம்பைத் தொடும்வரை ஒயில் ஊற்றி மூடுங்கள். பழைய ஒயிலை வடிகானில் ஊற்றாமல், அதை ஏற்கும் சேர்விஸ் நிலையமொன்றில் ஒப்படையுங்கள்.