மதுரை வட்டாரத் தொல்லியல் இடங்களை முறையாகப் பார்ப்பது எப்படி?

பழைய இடங்களைப் பார்க்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பல ஊர்களுக்குச் சென்று திரும்பவே விரும்புகிறார்கள். தொல்லியல் இடங்களுக்கு அந்த முறை ஒத்துவராது. கோயிலிலும் அரண்மனையிலும் காண வேண்டியது கண்முன் எழுந்து நிற்கிறது. ஆனால் மண்மூடிய வாழ்விடத்தில் ஒரு பொருள் கிடந்த இடமும், அதன் ஆழமும், அதனுடன் சேர்ந்து கிடைத்தவையுமே நமக்குச் செய்தி சொல்கின்றன. ஆகவே சிறு வட்டாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பொறுமையாகப் பார்ப்பதே சரி. மதுரைப் பகுதியில் வாழ்விடம், இடுகாடு, குகைக் கல்வெட்டு ஆகிய மூன்றும் குறுகிய தொலைவுக்குள் இருப்பதால் முதன்முறை செல்பவர்களுக்கு அது மிகவும் ஏற்றது.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். விடுமுறை நாளையும் பார்வை நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே சென்றதும், ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில் கிடைத்தது என்பதைக் கவனித்துக்கொண்டே செல்லுங்கள்: கீழடியும் அகரமும் மக்கள் வாழ்ந்த இடங்கள், கொந்தகை அவர்கள் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த இடம். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், மணிகளும் பகடைக்காய்களும் பானைகளும் தனித்தனி அரும்பொருள்களாகத் தோன்றாமல் ஓர் ஊரின் வாழ்க்கையாகத் தோன்றத் தொடங்கும். கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளின் முன் கூடுதல் நேரம் நில்லுங்கள். அவற்றில் சிலவற்றில் வெறும் குறியீடுகளும், சிலவற்றில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி (தமிழ்-பிராமி) என்னும் பழந்தமிழ் எழுத்திலும் கீறப்பட்டுள்ளன. இரண்டையும் பிரித்தறியப் பழகுவது பின்னர் மலைக் கல்வெட்டுகளைப் பார்க்கும்போது உதவும்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரி கி.மு. 580 எனக் காலம் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அந்த ஆண்டைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் கரித்துண்டுக்குக் காலம் சொல்லலாமே தவிர, அந்தக் காலத்தை ஊரின் வரலாற்றோடு இணைக்க முடியாது. அகழாய்வு முடிந்த குழிகளை மண்ணிட்டு மூடிவிடுவது பொதுவான வழக்கம் என்பதால், செல்லும் நாளில் எந்தக் குழிகளைப் பார்க்க அனுமதி உண்டு என்று அங்குள்ள பணியாளர்களிடம் கேளுங்கள். சுற்றியுள்ள தென்னந்தோப்புகள் தனியார் நிலங்கள். உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் நுழையக் கூடாது. ஊர் மக்கள் வழங்கும் இடப்பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடு, திடல், பரம்பு என்று முடியும் பெயர்கள் சில வேளைகளில் பழைய குடியிருப்பையோ இடுகாட்டையோ காட்டிக்கொடுக்கும். கீழடியில் அகழாய்வு நடந்த இடத்தின் பெயரே பள்ளிச்சந்தைத் திடல்தான்.

மலைகளுக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். சமணர்மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களிலுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் முதலில் பார்க்கலாம். பிறகு மாங்குளத்துக்குச் செல்லுங்கள். கணிநந்தி என்ற துறவிக்கு அமைத்துக் கொடுத்த பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தைப் பற்றிய அங்குள்ள தமிழிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயர் இடம்பெறுகிறது. சங்கப் பாடல்களில் படித்த பெயரைப் பாறையிலேயே காண்பது, என் பார்வையில், இந்த வட்டாரம் தரும் மிகப் பெரிய பேறு.

ஆனால் அதைக் காண ஆயத்தம் வேண்டும். தமிழியில் 'க' கூட்டல் குறி போலவும், 'ர' நேர்க்கோடாகவும் இருக்கும். இப்படிச் சில எழுத்துகளை முன்னரே பழகிக்கொள்ளுங்கள். குகைத்தளத்தை அடைந்ததும் தரையிலுள்ள கற்படுக்கைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பாறையின் முன்விளிம்பை நோக்குங்கள். மழைநீர் உள்ளே வடியாமல் தடுக்க வெட்டிய காடியை ஒட்டியே இத்தகைய எழுத்துகள் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். உச்சி வெயிலில் அவை பாறையோடு கலந்துவிடும். காலையிலோ மாலையிலோ ஒளி சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கித் தெளிவு கூடும். எழுத்து தெரியவில்லை என்பதற்காகச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் கல்வெட்டைச் சிதைக்கும் செயல்கள். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் பதிவுசெய்யும் மைப்படி எடுப்பது அனுமதி பெற்ற கல்வெட்டறிஞர்களின் வேலை.

இன்னும் தெற்கே செல்ல முடிந்தவர்கள் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரையும் பார்க்க வேண்டும். அங்கே 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆகவே ஆதிச்சநல்லூரை முழுமையாக அறிய விரும்புபவர், தாழிகளைக் கிடைத்த இடத்திலேயே காட்டும் அங்குள்ள காட்சிக்கூடத்தோடு எழும்பூரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

செல்லும் வழியில் ஓடோ மணியோ காசோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்காக வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது.