பழ ஈயின் சூலகத்தில் ஸ்டெம் செல்களை எண்ணுவது எப்படி?

ஒரு சூலகத்தில் எத்தனை ஸ்டெம் செல்கள், அதாவது முட்டைக்கான செல்களைத் தொடர்ந்து தரும் மூலச் செல்கள், இருக்கலாம் என்பதை அந்தச் செல்கள் தாமாக முடிவு செய்வதில்லை. அவற்றை ஒட்டியிருக்கும் கேப் செல்களே முடிவு செய்கின்றன. பழ ஈயில் இதை நாமே எண்ணிப் பார்த்துவிடலாம்.

படி 1: சூலகத்தை எடுங்கள்

பெண் ஈக்களை ஆண் ஈக்களோடு சேர்த்து, இரண்டு மூன்று நாள் ஈஸ்ட் குழம்பு கொடுத்து வளருங்கள். சூலகம் நன்கு பருத்துவிடும். மயக்கி, உப்புக் கரைசலில் வைத்து வெளியே எடுங்கள். ஒவ்வொரு சூலகத்திலும் முட்டைகள் வரிசையாக வளரும் ஓவரியோல் இழைகள் 16 முதல் 20 வரை இருக்கும். ஊசியால் மெல்லப் பிரியுங்கள். நமக்கு வேண்டிய ஜெர்மேரியம், அதாவது ஸ்டெம் செல்கள் இருக்கும் பகுதி, இழையின் கூர்நுனியில் இருப்பதால், நுனி அறுந்தால் எல்லாம் போச்சு. பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் ஊறட்டும்.

படி 2: சாயமேற்றுங்கள்

மூன்று புரதங்களில் போய் ஒட்டி அவற்றை ஒளிரவைக்கும் மூன்று ஆன்டிபாடிகள் போதும். வாசா, முட்டை மரபில் வரும் செல்களைக் காட்டும். லேமின் சி, கேப் செல்களின் உட்கரு ஓரத்தைக் காட்டும். ஹெச்டிஎஸ், ஸ்டெம் செல்லுக்குள் பொட்டுப் போலிருக்கும் ஸ்பெக்ட்ரோசோம் என்ற உறுப்பைக் காட்டும்.

படி 3: முதலில் கேப் செல்கள்

கான்ஃபோகல் நுண்ணோக்கியில் நுனியைப் பாருங்கள். நுனியில் தட்டையாக அடுக்கியிருக்கும் முனை இழைச் செல்களுக்குக் கீழே, சற்று உருண்டையாக இருப்பவை கேப் செல்கள். ஒரு ஜெர்மேரியத்தில் பொதுவாக 5 முதல் 7. ஒன்றை ஒன்று மறைக்கும் என்பதால், எல்லா ஆழத்திலும் எடுத்த படங்களை வைத்தே எண்ணுங்கள்.

படி 4: பிறகு ஸ்டெம் செல்கள்

வாசா சாயம் ஏறியிருக்க வேண்டும், கேப் செல்லைத் தொட்டிருக்க வேண்டும், ஸ்பெக்ட்ரோசோம் கேப் செல்லை ஒட்டிய பக்கமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 2 அல்லது 3 கிடைக்கும். புதிதாகப் பிரிந்த செல்லில் ஸ்பெக்ட்ரோசோம் உருண்டையாக இல்லாமல், மகள் செல் வரை நீண்டு கிடக்கும். அதைக் கண்டு குழம்பாதீர்கள். கேப் செல்லைத் தொடும் ஒன்றை மட்டும் கணக்கில் சேருங்கள்.

ஏன் தொடுதல் இவ்வளவு முக்கியம்? கேப் செல்கள் டிபிபி என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அது எட்டும் தூரம் மிகக் குறைவு. அது கிடைக்கும் செல்லில் மேட் புரதம் பாஸ்பேட் ஏற்றுச் செயல்பட்டு, முதிர்ச்சியைத் தூண்டும் பாம் மரபணுவை அடக்கிவைக்கும். ஒரு செல் அகலம் தள்ளிப் போன மகள் செல்லில் அடக்குமுறை தளர்கிறது, பாம் விழிக்கிறது. அது நான்கு முறை பிரிந்து 16 செல்களாகி, அதில் ஒன்றே முட்டையாகிறது. டிபிபி குறைந்தால் ஸ்டெம் செல்கள் தொலைகின்றன, அளவுக்கு மீறினால் அவை கட்டியாகப் பெருகுகின்றன என்று ஆய்வாளர்கள் ஷியேவும் ஸ்ப்ராட்லிங்கும் 1998இல் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை அதுதான்.

படி 5: ஒப்பிடுங்கள்

சூலகம் உருவாகும் பருவத்திலேயே முட்டை மரபில் வராத துணைச் செல்களில் நாட்ச் என்ற செல்லிடைச் சமிக்ஞையைத் தூண்டிய ஈக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேப் செல்கள் கூடியிருக்கும். ஸ்டெம் செல்களும் கூடவே ஏறியிருக்கும். பாம் மரபணு பழுதான ஈயிலோ ஜெர்மேரியம் முழுக்க உருண்டை ஸ்பெக்ட்ரோசோம்கள் நிரம்பியிருக்கும், ஆனால் கேப் செல்கள் கூடியிருக்காது. பாஸ்பேட் ஏற்ற மேட்டுக்குத் தனியாகச் சாயமேற்றிப் பார்த்தால், அதுவும் நுனியில் கேப் செல்லைத் தொட்டிருப்பவற்றில் மட்டுமே வலுவாகத் தெரியும். அதனால், ஒவ்வொரு ஜெர்மேரியத்துக்கும் கேப் செல், ஸ்டெம் செல் இரண்டின் எண்களையும் ஒரே வரியில் குறித்துவையுங்கள்.